என்.ஜி.சி. 1300: பழைய நம்பர், புதிய நம்பர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் முடிச்சூரில் வீடு கட்டிக் குடிவந்தபோது எங்கள் நகரில் பாதி மனைகள் காலி. தெருவிளக்கு பேருக்குக்கூடக் கிடையாது. எல்லோரும் அதற்காகப் புலம்புவார்கள், எனக்குக் கொண்டாட்டம். மொட்டைமாடியில் பைனாகுலரோடு நின்றால் வானம் அப்படித் தெரியும். "கீழே பால் பொங்குது, அங்கே என்ன பண்றே?" என்று என் கணவர் கத்துவார். பொங்கட்டுமே.

அந்த வருடம் நலச் சங்கப் பொங்கல் விழாவில் பேச நானே வலியப் போய்ப் பெயர் கொடுத்தேன். குடிவந்த நாளிலிருந்து ஊருக்கு நான் 'சார் வூட்டம்மா'தான். ஒரு தடவையாவது நான் பேசுவதை நாலு பேர் உட்கார்ந்து கேட்கவேண்டும் என்று ஆசை. சங்கச் செயலாளர் என்னை மாறுவேடப் போட்டிக்கும் பரிசளிப்புக்கும் நடுவில் செருகினார். "சுருக்கமா முடிச்சிடுங்க மேடம்" என்று மூன்று முறை சொன்னார்.

நான் எடுத்துக்கொண்டது ஒரு கேலக்சி. நடுவில் நட்சத்திரங்களால் ஆன நீளமான பட்டை, அதன் இரண்டு முனைகளிலிருந்தும் வளைந்து கிளம்பும் கைகள். ஆறு கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கிறது. சார்ட் பேப்பரில் பெரிதாக வரைந்து எடுத்துப் போயிருந்தேன்.

"இந்தப் பட்டையை இங்கிலீஷ்ல பார்னு சொல்வாங்க" என்றேன். தொலைந்தேன். பஸ் ஸ்டாப் பக்கத்தில் அப்போதுதான் ஒயின் ஷாப்போடு ஒரு பார் திறந்திருந்தார்கள்.

"மேலயும் பார் கீதா, மேடம்?" என்று பின்வரிசையில் ஒரு குரல். பந்தலே சிரித்தது. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கீது. நீங்க போறதுக்குள்ள மூடிடுவாங்க."

இப்போது சிரிப்பு என் பக்கம். அந்தச் சூட்டோடு, கேலக்சிகளைப் பட்டியல் போட்டு வைத்திருக்கும் அட்டவணைகளுக்கு வந்தேன். இதற்குப் பெயரெல்லாம் கிடையாது, நம்பர்தான். என்.ஜி.சி. என்ற அட்டவணையில் இது 1300, பின்னால் வந்தவர்கள் போட்ட இன்னோர் அட்டவணையில் இதே கேலக்சி 12412 என்றேன். முகங்கள் வாடின. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நம்ம வீடுங்க மாதிரிதான். லேஅவுட்ல ஒரு மனை எண், பஞ்சாயத்துல பழைய நம்பர், அப்புறம் ஒரு புதிய நம்பர்" என்று வாயைக் கொடுத்தேன்.

அவ்வளவுதான். ஒருவருக்குக் கேஸ் சிலிண்டர் பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தது. இன்னொருவருக்குத் தந்தியே எதிர்வீட்டுக்குப் போயிருந்தது. ஆளாளுக்கு எழுந்து நின்று நம்பர்களைத் திட்டினார்கள். என் பேச்சு அம்போ என்று ஆகிவிட்டது. எனக்கு அழுகை முட்டியது.

அப்போது முன்வரிசையிலிருந்து ஓர் அம்மா கையைத் தூக்கினார். எங்கள் நகர் முழுக்க ஒரு காலத்தில் அவர்கள் குடும்பம் நெல் போட்ட நிலம்.

"ரெண்டு நம்பர் கீதே, ஒண்ணையே ரெண்டுன்னு எண்ணிட மாட்டாங்களா?"

எவ்வளவு நல்ல கேள்வி! "எண்ணியிருக்காங்கம்மா! அதனாலதான் நம்பரோட, வானத்துல அது எந்த இடத்துல இருக்குன்னும் குறிச்சு வைப்பாங்க. ரெண்டு நம்பரும் ஒரே இடத்தைக் காட்டினா, ரெண்டும் ஒண்ணுதான்."

"சர்வே நம்பர் மாதிரின்னு சொல்லு."

"அதேதாம்மா."

பந்தல் அடங்கியது. பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து சார்ட்டைப் பார்த்தார்கள். சந்தோஷத்தில், சார்ட்டை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடிக்க மைக்கை விட்டு நகர்ந்தேன். முடித்துவிட்டேன் என்று நினைத்துச் செயலாளர் மேடையேறி மைக்குக்குக் கை நீட்டினார்.

"இன்னா சார் நீ?" என்று அந்த அம்மா அதட்டினார். "போய்க் குந்து. அவங்க பேசிக்கினு கீறாங்க இல்ல?"

செயலாளர் போய் உட்கார்ந்தார். நான் பேசினேன்.