வெள்ளைப் பூ வர்ற வரைக்கும்

கிரைண்டர்ல உளுந்து ஓடுது, அது அரையற வரைக்கும் இரும்மா, ஏன் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கினு இருக்கற? உன் பேத்திய நான் ஒண்ணும் கடத்திக்கினு போவல. பிள்ளையார் கோயிலாண்ட பூ கட்டிப் பாக்கணும், பொட்டலத்த எடுக்க ஒரு சின்னக் கொழந்த வேணும். அதான் இட்டுக்கினு போனேன். வர்ற வழியில சுண்டல் வேற வாங்கிக் குடுத்தேன், அத சொன்னாளா? சொல்ல மாட்டா.

இன்னாத்துக்கா? எல்லாம் என் பேத்திக்குத்தான். காலேஜுல கடைசி வருசம். வேற தேசத்துல யாரோ படிச்சவங்க ஒரு கணக்கு போட்டு புக்குல எழுதியிருக்காங்க. ஊரு விட்டு ஊரு பொழைக்க வர்ற குடும்பங்கள எந்த ஊர்ல கொண்டுபோய் வச்சா வேலை கெடைக்கும்னு கம்ப்யூட்டரே பாத்து சொல்லுமாம். நல்ல ரோசனைதான் இல்ல? என்னைய எங்க ஊரு தாமல்லேர்ந்து இங்க கட்டிக் குடுத்தப்போ எவன் பாத்தான்? மாடு மேய்ச்சிக்கினு இருந்தவள தறி வூட்ல தள்ளிட்டாங்க. பட்டுநூலு எது, தலமுடி எதுன்னு தெரியாம நான் பட்ட பாடு... சரி, அத வுடு.

இவ இன்னா பண்ணணும்னா, அதே கணக்க இங்க மறுபடியும் ஓட்டி, புக்குல இருக்கற அதே விடைய வரவைக்கணும். வந்தாத்தான் பாஸு. மூணு மாசமா ஓட்டறா, வரல. எனக்கா, பக்கத்துல உக்காந்து பாக்க சினிமா மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர்ல புள்ளி புள்ளியா குடும்பங்க. "இதுங்க நேத்து மலையாண்ட இருந்துச்சே, இன்னிக்கு இன்னாடி கடலாண்ட குந்திக்கினு இருக்குதுங்க?"ன்னேன்.

"அதான் ஆயா ப்ராப்ளமே. உள்ள சீட்டு குலுக்கிப் போடுது. ஒவ்வொரு வாட்டியும் வேற மாதிரி வுழுது. எந்த நம்பர்லேர்ந்து குலுக்குனாங்கன்னு அவங்க எழுதாம வுட்டுட்டாங்க. மெயில் போட்டேன், பதிலே இல்ல."

"அட, பூ கட்டிப் பாக்கறதுதானேடி இது!"ன்னேன்.

அதுக்குத்தான்மா போனேன். வெள்ளை அரளி வந்தா கணக்கு வரும், செவப்பு வந்தா வராது. உன் பேத்தி எடுத்தா. செவப்பு. இன்னொரு வாட்டி எடுக்க வச்சேன், அதுவும் செவப்பு. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையவே கட்டிட்டேன்! பிள்ளையார் ஒண்ணும் சொல்லல.

வூட்டுக்கு வந்து என் பேத்தியாண்ட வெள்ளைப் பூவ நீட்டினேன். அவ என் மூஞ்சியவே பாத்தா. எனக்கு சிரிப்பு அடங்கல, நான் பண்ணத உளறிட்டேன். அவளும் சிரிச்சாம்மா, எவ்ளோ நாளைக்கப்பறம்! சிரிச்சிக்கினே இருந்தவ அப்படியே நின்னுட்டா. "ஆயா, அந்த புக்கு எழுதுனவங்களும் வெள்ளை வர்ற வரைக்கும் குலுக்கிட்டு, வந்தத மட்டும் எழுதிட்டாங்களோ?"

நேத்து அத போய் அவங்க சாராண்ட சொல்லியிருக்கா. "அவ்ளோ பெரிய ஆளுங்க தப்பு, நீ ரைட்டா?"ன்னாராம். இந்த வருசம் பாஸ் கெடையாதுன்னுட்டாரு. காலையிலேர்ந்து கம்ப்யூட்டரத் தொடல, சோத்தையும் தொடல. செவுத்தப் பாத்துக்கினு படுத்துக்கினு இருக்குது பொண்ணு. நான் செவப்பையே குடுத்திருந்தேன்னா... அப்பவும் கணக்கு வந்திருக்காதுதான், இல்ல?

ஐயையோ, கிரைண்டர் சத்தம் மாறுது பாரு! உளுந்து வழியுதும்மா, தள்ளு, தள்ளு.