சாக்பீஸ் வட்டம்

பதிவு முடிய ஒன்றரை மாதம் இருந்தபோது என் பழைய ஜீப்பைப் பெரம்பலூரில் ஒரு டிங்கர் பட்டறையில் விட்டேன். பதிவைப் புதுப்பிப்பதை எங்கள் பக்கத்தில் எல்லோரும் எஃப்.சி. என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். இந்த முறை எஃப்.சி. கிடைக்காவிட்டால் ஜீப் உடைக்கப் போக வேண்டியதுதான். ஜெயங்கொண்டம் தாண்டி எனக்கு இருக்கும் முந்திரிக் காட்டுக்குச் செம்மண் தடம் ஒன்றுதான் வழி. மழை பெய்துவிட்டால் அதில் வேறு வண்டி ஏறாது. ஜீப் போய்விட்டால் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று என் மனைவி முடிவே செய்திருந்தாள். நான் செய்யவில்லை.

தகடு மோசமாக இருந்தது. கதவுகளின் அடிப்பகுதி விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. காலடித் தகட்டில் கையகலத்துக்கு ஓட்டை. ஓட்டும்போது ரோடு ஓடுவது தெரியும். அரியலூரில் மூன்று பட்டறைகளில் கேட்டேன். பழைய ஜீப்புக்குத் தகடு வெட்டி அடிக்க ஆள் இல்லை என்றார்கள். மூவருமே பெரம்பலூர் பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் இருக்கும் ஒருவரைச் சொன்னார்கள்.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பானெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

"சார் பேப்பர்ல இருந்தவருதான?"

"ஆமா. இப்ப இல்ல. ரிட்டயர் ஆயிட்டேன்."

"தெரியும்."

அவர் யார் என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. பல வருடங்களுக்கு முன் அவர் பட்டறை ஊருக்குள், ஒரு அங்கன்வாடியை ஒட்டி இருந்தது. ஸ்பிரே பெயிண்ட் நெடியால் குழந்தைகள் இருமுகிறார்கள் என்று ஒற்றைப் பத்தியில் ஒரு செய்தி எழுதினேன். ஒரு வாரத்தில் பட்டறையைக் காலி செய்ய வைத்தார்கள். செய்தியில் தவறு இல்லை. பட்டறைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

வேலையை அவர் மறுக்கவில்லை. "இருபது நாளு ஆவும். நடுவுல வந்து நச்சரிக்கக் கூடாது" என்றார். நான் தினமும் போனேன்.

எனக்கு அவர் மேல் நம்பிக்கை இல்லை. துருவை வெட்டி எடுக்காமல் மேலேயே பட்டி பூசி மூடிவிடுவார், ஆறே மாதத்தில் கொப்புளம் கிளம்பும் என்று நினைத்தேன். அப்படி அவர் செய்யவில்லை. அழுகிய தகட்டை நேர்கோட்டில் வெட்டி எடுத்தார். புதுத் தகட்டைச் சுத்தியலால் தட்டி வளைவு கொண்டுவந்து வெல்டிங் வைத்தார். பட்டியை மெல்லிசாக இழுத்துத் தண்ணீர் பேப்பரால் தேய்த்தார். உள்ளங்கையைப் பாதி மூடிய கண்ணோடு தகட்டின் மேல் ஓட்டிப் பார்ப்பார். இவ்வளவையும் பார்த்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பையில் சாக்பீஸ் வைத்திருந்தேன். பள்ளம் தெரிகிற இடத்தில் எல்லாம் வட்டம் போட்டேன். புரூஃப் திருத்திய கை.

லாரி கேபினுக்குப் பெயிண்ட் அடிக்க வந்து பெஞ்சில் காத்திருந்த ஓர் ஓட்டுநர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னண்ணே, வண்டிக்கு அம்ம போட்டிருக்கா?"

"சார் மார்க் போடுறாரு," என்றார் டிங்கர். "நாம பெயிலு."

"ஒரு புள்ளி கூடத் தெரியக் கூடாது. அவ்வளவுதான்" என்றேன்.

"வட்டம் போட்ட எடமெல்லாம் வழிச்சு எடுத்துடணும். அப்படித்தான சார்?"

"அப்படித்தான்."

"சாட்சி இருக்குய்யா," என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு அவர் வேலைக்குத் திரும்பினார்.

அடுத்த வாரம் ஜீப்பின் அடிச்சட்டத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி ஒரு கோட்டிங் ரெட் ஆக்ஸைடு அடித்திருந்தார். நான் தரையில் சாக்கு விரித்துப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்கு வரிசையாகக் குழிகள். பழைய துருவின் தடம் என்று நினைத்தேன். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். மற்ற வட்டங்களைவிடப் பெரிதாக ஒன்றைப் போட்டேன்.

மறுநாள் அந்த இடம் வழவழப்பாக, கறுப்பாக இருந்தது. நான் விரலால் தடவியும் பார்த்தேன்.

வண்டி சொன்ன நாளில் தயாரானது. தரைக்குத் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டுத்தான் கடைசிக் கோட்டிங் அடித்தார். அடர் பச்சை. லாரிகள் இடைவிடாமல் போகும் அந்த ரோட்டோரத்தில் அடித்த பெயிண்டில் ஒரு தூசி ஒட்டியிருக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

அரியலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆய்வு நாளன்று ஆய்வாளர் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வலது முன்சக்கரத்தின் பக்கம் குனிந்தார். அடிச்சட்டத்தில் வெட்டியிருக்கும் சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பதற்கு. முந்தைய எஃப்.சி.க்களின்போது எல்லாவற்றையும் புரோக்கர் பார்த்துக்கொண்டார். நான் டீக்கடையில் இருந்தேன். நம்பர் எங்கே வெட்டியிருக்கிறது என்று இத்தனை வருடத்தில் நான் பார்த்ததே இல்லை.

பென்சில் தேய்த்த காகிதம் வெறும் சாம்பல் நிறமாக வந்தது. அவர் மறுபடி தேய்த்தார். பிறகு எழுந்து என்னைப் பார்த்தார்.

"நம்பர் எங்க சார்?"

எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது.

"பட்டறைல அழிஞ்சிருக்கும்" என்றேன்.

"அழிஞ்சிருக்குமா? சேஸ் நம்பரைத் தேய்ச்சு எடுக்கிறது யாரு தெரியுமா? வண்டி திருடுறவன்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். சுற்றி நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். "வேல செஞ்ச பட்டறையிலேர்ந்து லெட்டர் வேணும். எப்படி அழிஞ்சதுன்னு எழுதி, கையெழுத்து, சீலோட. பழைய நம்பர் தெரியற மாதிரி போட்டோ இருந்தா கொண்டாங்க. அப்பதான் புதுசா வெட்ட ஆர்டருக்கு எழுத முடியும். இல்லன்னா போலீஸுக்குத்தான் போவும்."

பதிவு முடிய ஒன்பது நாள் இருந்தது. அங்கிருந்தே பெரம்பலூருக்கு ஓட்டினேன்.

டிங்கர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"அது நம்பர்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?" என்றேன்.

"தெரியும்."

"அப்புறம் ஏன் தேச்சீங்க?"

"நீங்கதான வட்டம் போட்டீங்க?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"பத்து நாளா நான் சொன்ன எதக் கேட்டீங்க சார்? பட்டி காயலன்னேன், காஞ்சிருச்சின்னீங்க. அது நிழலுன்னேன், பள்ளம்னீங்க. அதான் வாய மூடிக்கிட்டேன்." கை கழுவிவிட்டு வந்து செல்போனை எடுத்தார். "கேப்பீங்கன்னு தெரியும். தேய்க்கறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சேன்."

பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி எடுத்த போட்டோ. ரெட் ஆக்ஸைடின் சிவப்பில் ஒவ்வொரு எழுத்தும் எண்ணும் தெளிவாகத் தெரிந்தன. அவற்றைச் சுற்றி என் வெள்ளை வட்டம்.

"இதை எனக்கு அனுப்புங்க. லெட்டரும் வேணும்."

"நீங்களே எழுதுங்க. உங்களுக்குத்தான் எழுத வரும். சரியா இருந்தா கையெழுத்துப் போடறேன்."

பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். 'பழுது பார்க்கும் பணியின்போது சேஸ் எண் தவறுதலாக அழிந்துவிட்டது.' அவர் வாங்கி, நிதானமாக இரண்டு தரம் படித்தார்.

"தானா அழிஞ்ச மாதிரி இருக்கு. யாரு சொல்லித் தேச்சதுன்னு இல்லியே."

'வண்டி உரிமையாளர் சாக்பீஸால் வட்டமிட்டுக் காட்டிய இடத்தைத் தேய்த்தபோது' என்று மாற்றினேன்.

"இப்ப சரி" என்றார்.

"சரியில்ல. நம்பர்னு தெரிஞ்சேதான் தேச்சீங்க. அதையும் எழுதணும்."

"எழுதுங்க. நான் கையெழுத்துப் போடல. போலீஸு பாத்துக்கட்டும்."

பாதி உண்மையாக இருந்த அந்தத் தாளை அப்படியே நீட்டினேன். கையெழுத்துப் போட்டு, டப்பாவைத் தேடி எடுத்து சீல் வைத்தார். போட்டோ என் போனுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் சாவியை எடுத்தேன். போகிறேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

ஆர்டர் வர ஆறு நாள் ஆனது. அலுவலகத்தில் பழைய கோப்பில் இருந்த பென்சில் பிரதியோடு போட்டோவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த வட்டத்தை மேசைக்கு மேசை காட்டினார்கள். ஒருவர் தன் போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டார். பிறகு ஆய்வாளர் முன்னிலையில் அடிச்சட்டத்தில் எண் புதிதாக வெட்டப்பட்டது. உளி விழுந்த இடத்தில் கறுப்புப் பெயிண்ட் செதில் செதிலாகப் பெயர்ந்தது. பதிவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது எஃப்.சி. கிடைத்தது.

தாள்களில் கையெழுத்துப் போட்டு முடித்த ஆய்வாளர் ஜீப்பைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடினார். பானெட்டின் மேல் உள்ளங்கையை ஓட்டினார்.

"தகடு வேலை பிரமாதமா இருக்கே சார். எங்க மச்சானும் ஒரு பழைய ஜீப்ப வெச்சுக்கிட்டு ஆள் தேடறாரு. யாரு செஞ்சது?"

பட்டறையின் பெயரும் சீலும் அவர் கையில் இருந்த கடிதத்திலேயே இருந்தன. அவர் அதைக் கோப்புக்குள் சொருகிக்கொண்டிருந்தார்.

"பெரம்பலூர்ல ஒருத்தர்" என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.