வலத்தூணில் கவிழ்ந்து நின்ற வேல்

பந்தலுக்கு நன்கொடை தரும் ஐயா, அம்மா, வணக்கம். இந்த ஆண்டு எங்கள் தண்ணீர்ப்பந்தலின் ஒளி அலங்காரத்தைக் கோலாலம்பூரிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் செய்ததாகத் தாங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். செய்தார். எப்படிச் செய்தார் என்பதை உடனிருந்து கண்டவன் எழுதுகிறேன்.

நான் மாக் மண்டின் தொழிற்பேட்டைத் தொழிற்சாலை ஒன்றில் மின்பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் குடியிருப்பவன். காணொளியின் எந்தப் புள்ளி எந்த விளக்கில் எரிய வேண்டும் என்று கணினிக்கு எழுதிக்கொடுக்கும் மேப்பிங் வேலையைத் தட்டுத்தடுமாறி நானே கற்றுக்கொண்டேன். தைப்பூசந்தோறும் பந்தலுக்கு அதைச் செய்தும் வந்தேன். கணினியைத் திறக்கும் முன் ஒவ்வொரு தூணிலும் முதல் விளக்கை விரலால் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

இந்த ஆண்டு பந்தல் தலைவருக்கு நிபுணர் தேவைப்பட்டார். அருகே சென்ற என்னிடம், "அண்ணே, நீங்க போய் மோர் ஊத்துங்க லா. இது படிச்சவன் வேலை," என்றார். தலைவர் என்ன படித்தார் என்று நான் கேட்கவில்லை. அது ஊருக்கே தெரியும்.

இடத்தூணில் எல்இடி பட்டைகளை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் கட்டி முடித்திருந்தார்கள். வலத்தூணுக்கு வந்தபோது தலைவருக்குப் பக்தி மேலிட்டது. சாமி காரியத்தில் வெளிச்சம் இறங்கக் கூடாது, ஏற வேண்டும் என்று சொல்லி, பட்டையின் தொடக்கத்தை அடியில் வைத்து மேல்நோக்கிக் கட்டச் செய்தார். இடத்தூணை அவிழ்க்க மட்டும் மனம் வரவில்லை. பக்திக்கு ஒரு தூண், சோம்பலுக்கு ஒரு தூண்.

நிபுணரோ குளிரூட்டிய வேனை விட்டு இறங்கவேயில்லை. இரு தூண்களிலும் முதல் விளக்கு உச்சியில் இருப்பதாகவே எழுதி முடித்தார்.

மாலையில் சோதித்தார்கள். இடத்தூணில் காணொளியின் ஒளிவேல் நிமிர்ந்து நின்றது. வலத்தூணில் அதன் கூர்முனை தரையைப் பார்த்தது. தேர் எங்களைக் கடக்க ஒரு மணி நேரமே இருந்தது. வரிசையில் நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நிபுணர் காணொளியைத் தலைகீழாகத் திருப்பினார். வலத்தூண் வேல் நிமிர, இடத்தூண் வேல் கவிழ்ந்தது. மறுபடியும் திருப்பினார். இப்படி நான்கு முறை. ஒவ்வொரு முறையும் தலைவர் ஒரு தூணைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, பிறகு மற்றதைப் பார்த்தார்.

நான் மோர்க் கரண்டியை வைத்துவிட்டு வேனருகே சென்று, வலத்தூணில் முதல் விளக்கு அடியில் இருக்கிறது என்றேன்.

"அங்கிள், சாஃப்ட்வேர்ல எல்லாம் ஓகே லா."

"சாஃப்ட்வேர கும்பிட யாரும் வரல தம்பி. தேர் வருது. இறங்கித் தூணப் பாரு."

அவர் இறங்கவில்லை. கணினியை என் பக்கம் திருப்பிக்கொண்டு, வலத்தூணின் விளக்கு வரிசை அடியிலிருந்து தொடங்குவதாக மாற்றினேன். ஒரே ஒரு மாற்றம். தேர் வந்தபோது இரு வேல்களும் நிமிர்ந்திருந்தன. நான் மோரூற்றிக்கொண்டே கும்பிட்டேன்.

தேர் கடந்தபின் தலைவர் ஒலிபெருக்கியில் நிபுணரைப் புகழ்ந்து, பொன்னாடை போர்த்த அழைத்தார். அதற்கு அவர் வேனை விட்டு இறங்கினார்.

அடுத்த ஆண்டும் தலைவருக்குப் பக்தி வரும். வேனில் வேறொரு நிபுணர் அமர்ந்திருப்பார். வேலைத் தொட்டு நிமிர்த்த நான் இருப்பேனோ, இல்லையோ. அப்போது அவரிடம் எடுத்துக் காட்ட, இந்தக் குறிப்பைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.