லாரிக்காரர் கோல் காத்த ஞாயிறு

கல்யாணமாகி மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு நான் வந்தது எழுபதுகளின் நடுவில். பிறந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காடு. அங்கே விளையாட்டு என்றால் சடுகுடு. பொங்கலுக்கு ஆடுவார்கள், முழங்காலில் மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள், அத்தோடு சரி.

வந்த வாரமே என் வீட்டுக்காரர், "ஞாயித்துக்கெழம களி இருக்கு, வெள்ளனச் சோறாக்கிரு" என்றார். யார் வீட்டில் களி கிண்டுகிறார்கள் என்று கேட்டேன். லயத்தில் வரிசையாக இருந்த அத்தனை வீட்டுக்கும் அது சிரிப்பாகிவிட்டது. மலையாளத்தில் களி என்றால் விளையாட்டாம். அவர் சொன்னது கால்பந்து.

அந்த ஞாயிறு போய்ப் பார்த்தேன். கொட்டும் மழையில், சேற்றில், அரைக்கால் சட்டை போட்ட ஆண்கள் ஒரு பந்தின் பின்னால் ஓடினார்கள். அவர்களைச் சுற்றி மொத்த எஸ்டேட்டும் நனைந்துகொண்டு நின்றது. வீட்டில் குரல் உயர்த்தாத என் வீட்டுக்காரர், விசில் ஊதுகிறவரின் தாயைச் சொல்லித் திட்டினார். தோற்றதும் ஒரு கங்காணி குலுங்கிக் குலுங்கி அழுதார். அட்டை கடித்து இரத்தம் ஒழுக நாங்கள் கொழுந்து கிள்ளும்போது, நிறை சரியில்லை என்று கூடையைத் தள்ளிவிடுகிற அதே மனிதர்.

ஆட்டக்காரர்களுக்கு ஃபேக்டரியில் லேசான வேலை. ஆடிப் பழகுவதற்கு நேரத்தோடு விட்டுவிடுவார்கள். பக்கத்து வீட்டு மதினிக்கோ நிறைமாதம். அவள் கடைசி வாரம் வரை கூடையோடு சரிவில் நின்றாள். இதை நான் சொன்னால், "வெளையாட்டு வேற, வேல வேற" என்பார்கள்.

மழைக்காலம் முடிகிற சமயம், பக்கத்து எஸ்டேட்டோடு கோப்பைக்கான கடைசி ஆட்டம் வந்தது. லயத்தில் ஆண் வாசனையே இல்லை. மதியம் மதினிக்கு வலி கண்டது. பிரசவம் பார்க்கும் கிழவி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "புள்ள குறுக்க கெடக்கு, எங்கையில நிக்காது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றாள்.

வண்டி என்று இருந்தது கொழுந்து லாரி ஒன்றுதான். அது மைதானத்தின் ஓரத்தில் நின்றது. அதை ஓட்டுகிறவர்தான் எங்கள் எஸ்டேட்டுக்குக் கோல் காக்கிற கோலி. நான் தேயிலைச் சரிவில் குறுக்கே இறங்கி ஓடினேன்.

முதலில் என் வீட்டுக்காரரின் தோளைத் தொட்டுச் சொன்னேன். அவர் திரும்பவில்லை. பக்கத்தில் நின்றிருந்தார் மதினியின் புருஷன். அவரிடம் சொன்னேன்.

"மொதப் புள்ளதான, சாவகாசமாத்தான் பொறக்கும். களி முடியட்டும்" என்றார். கண் பந்தைவிட்டு நகரவில்லை.

சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே போனேன். கூட்டம் கத்தியது. நேரே கோல் கம்பத்துக்குப் போய், "அண்ணே, லாரிய எடுங்க. மதினிக்குப் புள்ள குறுக்க கெடக்காம்" என்றேன்.

"உள்ள வரப்பிடாதும்மா. ஓரமா நில்லுங்க, இந்தா முடிஞ்சிரும்" என்றார் அவர்.

அப்போது பந்து உருண்டு எங்கள் பக்கம் வந்தது. அவர் குனிவதற்குள் நான் எடுத்துக்கொண்டேன். சேறும் தண்ணீருமாகக் கனத்தது. இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றேன்.

விசில் ஊதுகிறவர் ஓடி வந்தார். டவுனிலிருந்து வந்த மலையாளி. "எந்தா இது?" என்றார். தமிழிலேயே சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டு கோலியைப் பார்த்தார். "எடோ, தான் போ. களி பின்னே" என்றார். நீ போ, ஆட்டம் அப்புறம் என்று அர்த்தம். அன்று அந்த மைதானத்தில் மனிதனாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

லாரி லயத்துக்கு வந்ததும், அதில் கொழுந்துச் சாக்கை விரித்து மதினியைப் படுக்க வைத்தோம். லாரி ஒவ்வொரு வளைவிலும் சாயும்போது அவள் நகம் என் கையில் பதிந்தது. வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் மிஞ்சியிருக்காது என்று டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார்.

திரும்பி வந்தால், தண்ணீர்க் குழாயில் எனக்கு யாரும் இடம் விடவில்லை. கோலுக்கு மாற்றாளாக நின்றவர் கோட்டைவிட்டுவிட்டார். கோப்பை போனது. போக்கியவள் நான். ஃபேக்டரியில் ஏச்சு வாங்கி வந்த என் வீட்டுக்காரர், "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?" என்றார்.

"சொன்னேனே. ஒங்க தோளத் தொட்டுத்தான சொன்னேன்."

அவர் முழித்தார். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அவர் காதில் விழவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மதினி குழந்தையை அணைத்தபடி படுத்திருந்தாள். முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஏறியிருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாம தோத்துட்டமாமே, பிள்ள?"

"ஆமா."

"லாரிக்கார அண்ணன் கோல்ல நின்னுருந்தா கோப்ப நமக்குத்தான்." குழந்தையின் துணியை இழுத்துவிட்டாள். "நீ கொஞ்சம் பொறுத்திருக்கலாம். நான் பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடந்திருப்பேன்."

கஞ்சியை டம்ளரில் ஊற்றி அவள் கையில் கொடுத்தேன். கொடுத்த வேகத்தில் பாதி படுக்கையில் சிந்தியது.