இடுப்பில் தெரியாத பிஸ்டல்

விருமாண்டி சமயநல்லூர்ப் பக்கத்து ஆள். மதுரையில் நூல் வியாபாரம் செய்த துளசிராமிடம் வில்வண்டி ஓட்டினான். அவன் சாதியின் மீது கைரேகைச் சட்டம் இருந்த காலம் அது. ஊரைவிட்டு வெளியே போகவே போலீஸ் சீட்டு வேண்டும். இவன் நல்லவன் என்று சொல்லி அந்தச் சீட்டை வாங்கிக் கொடுத்தவரே துளசிராம்தான்.

அலங்காநல்லூர் சாலையில் ஒரு வியாபாரியை யாரோ வழிமறித்து வெட்டிப் போட்ட பிறகு துளசிராமுக்குத் தூக்கம் வரவில்லை. பல தடவை அலைந்து துப்பாக்கி லைசென்ஸ் வாங்கினார். அது கைக்கு வந்ததும் விருமாண்டியை வண்டி கட்டச் சொல்லித் துப்பாக்கிக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் கண்ணுச்சாமி ஒரு குட்டை ரிவால்வரையும் ஒரு சின்ன பிஸ்டலையும் எடுத்து வைத்தார்.

“ரிவால்வர் ஏமாத்தாதுங்க. ஒரு தோட்டா வெடிக்காட்டியும் திரும்ப இழுத்தா அடுத்தது வந்து நிக்கும். ஆனா இந்த உருளை இடுப்புல துருத்தும். பிஸ்டல் தட்டை, உள்ள இருக்கிறதே தெரியாது. தூசி புகுந்தா மட்டும் சிக்கிக்கிரும்.”

“வெளிய தெரியக்கூடாது. அதுதான் முக்கியம்” என்றார் துளசிராம். தன் இடுப்பில் செருகிக் கண்ணாடியில் பார்த்தும் அவருக்குத் திருப்தி வரவில்லை. தன் உடல்வாகுதான் விருமாண்டிக்கும் என்பது நினைவுக்கு வரவே, அவனை உள்ளே கூப்பிட்டார்.

தோட்டா இல்லாத ரிவால்வரை அவன் இடுப்பில் செருகிச் சட்டையை இழுத்துவிட்டார். கட்டி மாதிரி புடைத்தது. பிஸ்டலைச் செருகியபோது ஒன்றுமே தெரியவில்லை.

“தெரு முனை வரைக்கும் நடந்துட்டு வா. நடக்கயில தெரியுதான்னு பாக்கேன்.”

“வேணாம் மொதலாளி. போலீசு கண்ணுல பட்டா என்னய விடமாட்டாக.”

“நான் இங்கனதான நிக்கேன். போ.”

விருமாண்டி நடந்தான். தெரு முனையில் நின்ற ஏட்டுக்கு அவன் முகம் தெரியும். சீட்டைக் கேட்டார். மடியிலிருந்து அதை எடுக்க அவன் சட்டையைத் தூக்கியபோது பிஸ்டலின் பிடி வெளியே தெரிந்தது.

அவனை அடித்து இழுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்தார். “மொதலாளிதான் குடுத்தாக, கேளுங்கய்யா” என்று விருமாண்டி கும்பிட்டான். லைசென்ஸ் இல்லாதவன் கையில் கொடுத்தது தெரிந்தால் கடையும் போகும், புது லைசென்ஸும் போகும். கண்ணுச்சாமி துளசிராமைப் பார்த்தார்.

“வண்டியிலதான் இருக்கச் சொன்னேன்” என்றார் துளசிராம். “எப்ப உள்ள வந்து எடுத்தான்னு தெரியல.”

யாரைச் சுட எடுத்தாய் என்று கேட்டுக் கேட்டு ஸ்டேஷனில் அவன் வலக்கை விரல்களை நசுக்கினார்கள். கடைசியில் அவன் வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னான். அப்படி ஓர் ஆளே இல்லை என்று தெரிந்தபோது, பொய் சொன்னதற்காக மறுபடி அடித்தார்கள். அவன் மனைவி ஒச்சாயி துளசிராம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கதவு திறக்கவில்லை. கோர்ட்டில் துளசிராம் சாட்சி சொன்னார். பிஸ்டல் தடயமாகப் போய்விட்டதால் ரிவால்வரையே வாங்கிக்கொண்டார்.

தண்டனை முடிந்து வந்தவனுக்கு மாட்டுக் கயிற்றைப் பிடிக்க விரல்கள் மடங்கவில்லை. ஒரு நாள் சமயநல்லூர் சாலையில் துளசிராமின் வண்டி வருவதைப் பார்த்துக் குறுக்கே போய் நின்றான். அவர் ரிவால்வரை எடுத்து நீட்டினார்.

“ஒண்ணும் செய்ய வரல மொதலாளி. அன்னைக்கு ஏன் உண்மையச் சொல்லல?”

“சொல்லியிருந்தா என் லைசென்ஸ் போயிருக்கும்ல” என்றார் அவர், கணக்குச் சொல்லிக் கொடுப்பவர் போல.

விருமாண்டி தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கி நின்றான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தப் பதிலுக்குத்தானா இத்தனை நாள் காத்திருந்தோம் என்று இருந்தது.

துளசிராம் ஊர் போய்ச் சேர்ந்ததும், அவன் தன்னை வழிமறித்ததாக ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார். அன்று பொழுது சாய்வதற்குள் அவனைக் கொண்டுபோனார்கள். நான்காம் நாள் ஒச்சாயி மாட்டுவண்டி பிடித்துப் போய் உடலை வாங்கி வந்தாள்.