கேமராவைக் கண்டால் நடக்கமாட்டார்கள்

போன ஞாயிறு காலை, ஹைதராபாத் கச்சிபவுலியில் ஒரு மேம்பாலத்தின் இறக்கத்தில், கையில் கேமராவோடு நின்றுகொண்டிருந்தேன். மாரத்தான். என் மனைவி கல்யாணி ஓடுகிறாள் — முழுசாக நாற்பத்திரண்டு கிலோமீட்டர். நான் நிற்கிறேன். எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு எப்போதுமே இப்படித்தான்.

கல்யாணிக்கு ஐம்பது வயது. காஞ்சன்பாக்கில், பாதுகாப்புத் துறை லேபில் வேலை. அங்கே என்ன செய்கிறாள் என்று இருபத்தைந்து வருஷமாக என்னிடம் சொன்னதில்லை. ஓடி ஓடிக் கால் நகம் கறுத்து விழுந்ததையும் சொல்லவில்லை. பாத்ரூமில் கிடந்ததைக் கரப்பான் என்று நினைத்து நான் செருப்பைத் தூக்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

போன வருஷம் அவளால் முடிக்க முடியவில்லை. நேரத்துக்குள் வராதவர்களை அள்ளிக்கொண்டு போக, கடைசியில் ஒரு பஸ் ஊர்ந்து வரும். அதில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு நாள் பேசவில்லை. இந்த முறை கிளம்பும்போது சொன்னாள்: "பஸ்ஸில மட்டும் ஏறமாட்டேங்க. அப்புறம்... நான் அழற மூஞ்சியை எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டீங்கன்னா தெரியும்."

முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நான் நின்ற இடத்தில் ஒன்று கவனித்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி வருகிறவர்கள், கேமராவைக் கண்டதும் ஓடுகிறார்கள். சிரிக்கிறார்கள். என்னைத் தாண்டிப் பத்தடி போனதும் மறுபடி நொண்டல். சிரிக்காதீர்கள்... கல்யாணப் பந்தியில் வீடியோக்காரர் லைட்டைத் திருப்பினால் நாம் மட்டும் எப்படிச் சாப்பிடுகிறோமாம்?

கல்யாணி தெரிந்தாள். ஓடவில்லை. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். அவளுக்குப் பின்னால், சாவகாசமாக, அந்த பஸ்.

பதறிவிட்டேன். ஆம்புலன்ஸுக்குப் போன் போடப் போய் கேஸ் ஏஜென்சி நம்பரை அழுத்தினேன். (சிலிண்டர் புதன்கிழமை வந்தது.) அவளுக்காக வைத்திருந்த தண்ணீரை நானே குடித்தேன்.

"விட்டுடலாம் கல்யாணி. பஸ்ஸில ஏசி இருக்கு."

கோபம் வந்தால் அவளுக்கு ஹைதராபாத் பாஷை வந்துவிடும். "நக்கோ, வேணாம். வாயை மூடிட்டு போட்டோ எடுங்க."

கேமராவைத் தூக்கினேன். ஓடினாள். சிரிப்பு வேறு.

என்னைத் தாண்டினால் நின்றுவிடுவாளே? அவளைப் பார்த்தபடியே, பின்பக்கமாக நானும் ஓட ஆரம்பித்தேன். கிளிக், கிளிக். கேமராவை இறக்கினால் நடந்தாள், தூக்கினால் ஓடினாள். ஒரு தடுப்பை இடுப்பால் கவிழ்த்தேன். "பாத்து வாங்க" என்றாள் — அவள், எனக்கு.

அவள் முகத்தை அத்தனை பக்கத்தில், அத்தனை நேரம் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று? உதடு சிரித்துக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. கிளிக் செய்வதை நிறுத்திவிட்டேன். கேமராவை மட்டும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி ஓடினேன்.

பஸ்ஸுக்கு முன்னால் முடிவுக் கோட்டைத் தாண்டினாள். மெடல் போட்டார்கள். நான் பிளாட்பாரத்தில் மல்லாந்து கிடந்தேன். வலி ஸ்ப்ரேயோடு ஒரு வாலன்டியர் பெண் ஓடி வந்தாள்.

"அங்கிள், ஃபுல்லா, ஹாஃபா?"

"நானூறு மீட்டர்மா," என்றேன். "ரிவர்ஸில்."