தெய்வானை அக்காவின் கிடார்

செவ்வாய்க்கிழமை காலை நாமக்கல்லில் என் இசைக்கருவிக் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது, தெய்வானை அக்காவின் மகள் பள்ளிபாளையத்திலிருந்து அழைத்தாள். "அம்மா போயிட்டாங்க மாமா" என்றாள். ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் மெல்லிசைக் குழுவில் இருபது வருடம் அக்கா கிடார், நான் தபலா. கோழிப்பண்ணை வீட்டு மருமகள் முந்தானையைச் செருகிக்கொண்டு மேடையில் கிடாரோடு அமர்வதைப் பார்க்கவே ஓமலூர்த் திருவிழாவில் கூட்டம் சேரும். உங்களில் பலர் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பீர்கள். மேடையில் தாளம் தவறினால் அவர் மறைக்கமாட்டார். மைக்கிலேயே "தப்பு என்னுதுங்க" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

அந்தக் கிடார் எண்பது வயதைத் தாண்டிய அமெரிக்கக் கிடார். ஏற்காட்டுத் தோட்டத்தை விட்டுப் போன வெள்ளைக்காரக் குடும்பம், அங்கே மேஸ்திரியாக இருந்த அக்காவின் அப்பாவுக்குக் கொடுத்தது. ஒரு கோடையில் அதன் மேல்பலகை விரிசல் விட்டு, உள்ளே தாங்கும் சட்டம் ஒன்று கழன்றுவிட்டது. லாரி பாடி கட்டும் கந்தசாமி ஆசாரி, வெளிநாட்டு இயந்திரம் வந்த பெட்டியின் பைன் மரத்தில் புதுச் சட்டம் இழைத்து, ஒலித்துளை வழியே கைவிட்டு ஒட்டினார். அதற்குப் பிறகும் பல வருடம் அது மேடையேறியது.

மூட்டுவலியால் விரல்கள் மடங்காமல் போனபோது, கிடாரை விற்றுவிட அக்கா முடிவு செய்தார். பெட்டியிலேயே கிடந்தால் இந்த ஊர் வெயில் அதை மறுபடியும் பிளந்துவிடும் என்று பயந்தார். நான் பெங்களூரில் அரிய கிடார்களைச் சேர்ப்பவர் ஒருவரைக் கண்டுபிடித்தேன். எல்லாம் முதலில் செய்தபோது இருந்த மரம்தானா என்று அவர் போனில் கேட்டபோது, ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாக வந்தார். கிடாரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. துளைக்குள் கண்ணாடியை விடுவதற்கு முன்பே அக்கா பேசினார்.

"ஏனுங்க, உள்ள ஒரு சட்டம் நம்மூர் லாரி ஆசாரி போட்டதுங்க. தம்பி ஆசைல மறைச்சுப்போட்டான்."

நான் தலைகுனிந்தேன். பழுது பார்த்த கிடார் தன் சேகரிப்புக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். அவராகப் பார்த்திருக்கலாமே, ஏன் சொன்னீர்கள் என்று நான் கோபப்பட்டேன்.

"குறையச் சொல்லிப்போட்டா அப்பறம் பயப்பட ஒண்ணுமில்ல சாமி" என்றார்.

பத்து நாள் கழித்து அந்தப் பெங்களூர்க்காரரே திரும்பி வந்தார். இத்தனை வருடம் விற்பவர்களின் பேச்சைக் கேட்டதில், குறையைத் தானாகச் சொன்னவர் அக்கா ஒருவர்தான் என்றார். கொடுக்க அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கிடாரோடு இருக்கும் குறிப்பில் கந்தசாமி ஆசாரியின் பெயரும் இருக்க வேண்டும். பெங்களூர்க்காரர் உடனே ஆசாரியைக் கூப்பிடச் சொன்னார். சட்டத்தை எப்படி இழைத்தார், எதை வைத்து முட்டுக் கொடுத்தார் என்று ஒரு மணி நேரம் கேட்டுக் குறித்துக்கொண்டு, கிடாரை வாங்கிப் போனார். ஆசாரி அன்றைக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கிடார் போன அந்த வாரமே என் கடையில் விற்பனைக்கு இருந்த பழைய கருவிகளை எல்லாம் இறக்கி, ஒவ்வொன்றிலும் அதன் குறையை எழுதிச் சீட்டு ஒட்டினேன். நேற்று ஒருவர் ஆர்மோனியத்தை வாசித்துப் பார்த்தார், சீட்டைப் படித்தார், வேண்டாம் என்று போய்விட்டார். சீட்டு அப்படியேதான் இருக்கிறது.